கற்றல் டைரி எழுதுவது எப்படி? கொங்குப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் கேள்வி-பதில்

பள்ளியில் படித்ததையும் செய்ததையும் மாணவர் தன் சொல்லில் திரும்பிப் பார்த்து எழுதும் நோட்டைத்தான் இங்கே கற்றல் டைரி என்கிறோம். கீழே உள்ள பதில்கள் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை படிப்பவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

ஏனுங்க, ஹோம்வொர்க் டைரி ஏற்கனவே இருக்குதுங்களே, இது வேற எதுக்குங்க?

ஹோம்வொர்க் டைரியில் நாளைக்கு முடிக்க வேண்டிய வேலை இருக்கும். கற்றல் டைரியில் இன்றைக்கு விளங்கியதும் விளங்காமல் நின்றதும் இருக்கும். முன்னது ஆசிரியர் சொல்லி எழுதுவது, பின்னது பிள்ளை தானாக யோசித்து எழுதுவது. இரண்டையும் ஒரே நோட்டில் வைத்தால் ஒரு வாரத்தில் கற்றல் டைரி காணாமல் போய்விடும். "கணக்கு 4.2 முடிக்கவும்" என்ற வரிகளுக்கு நடுவே யோசித்து எழுதிய வரி எடுபடாது. அதனால் தனி நோட்டு வேண்டும்.

பாட நோட்டுக்கும் இதற்கும்கூட வித்தியாசம் உண்டு. பாட நோட்டில் சரியான விடை மட்டும்தான் இருக்கும். முதலில் தப்பாகப் போட்டு, அடித்து, ரப்பர் வைத்து அழித்த விடை எங்கேயும் பதிவாவதில்லை. அந்த அழித்த விடைதான் கற்றல் டைரிக்குச் சரக்கு.

எந்த நோட்டு வாங்கறது? எத்தனை பக்கம்?

கோடு போட்ட சாதாரண நோட்டு போதும். வாரம் 3 குறிப்பு, வருடத்துக்குச் சுமார் 40 வாரம் என்றால் 120 குறிப்பு ஆகிறது. அரைப் பக்கம் வீதம் 60 பக்கம். சுற்றுலா, கலைத் திருவிழா, செய்முறை போன்றவற்றுக்கு முழுப் பக்கம் தேவைப்படும் என்பதால் இன்னும் 25, 30 பக்கம் சேர்த்துக்கொள்ளலாம். 100 பக்கத்தை ஒட்டிய நோட்டு ஒன்று வருடம் முழுவதும் வரும். பெரிய 200 பக்க நோட்டு வேண்டாம். பாதிகூட நிரம்பாத நோட்டைப் பார்த்தால் பிள்ளைக்குச் சோர்வு வரும்.

இடது ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கோடு இழுத்து இடம் விடுங்கள். பிறகு திரும்பிப் படிக்கும்போது தோன்றுவதை அந்த ஓரத்தில்தான் எழுத வேண்டும். கடைசி 4 பக்கங்களை வெறுமையாக விட்டு "இன்னும் விளங்காதவை" என்று தலைப்பு போட்டுவிடுங்கள். அதன் பயன் கீழே வருகிறது.

எப்ப எழுதணும்? பையன் வூட்டுக்கு வர்றப்பவே மணி ஆறாயிருதுங்க.

பத்து நிமிடத்துக்கு மேல் தேவையில்லை. ஆனால் நேரம் முக்கியம். படுக்கப் போகிற நேரத்தில் எழுதினால் "இன்று நன்றாக இருந்தது" என்று ஒரு வரிதான் வரும். பள்ளி விட்டு வந்து, கை கால் கழுவி, ஏதாவது சாப்பிட்டு முடித்த கையோடு, மற்ற வீட்டுப்பாடங்களைத் தொடும் முன் எழுதுவது நல்லது. வீட்டுப்பாடம் தொடங்கிவிட்டால் புத்தகத்தில் உள்ள வரிகள் மண்டைக்குள் ஏறி, வகுப்பில் தனக்குத் தோன்றியதை மறைத்துவிடும்.

தூரத்துக் கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிற பிள்ளைகள் பஸ்ஸில் எழுதக் கூடாது. ஆட்டத்தில் கண்ணும் வலிக்கும், எழுத்தும் கோணும். பஸ்ஸில் ஒரே ஒரு வேலை போதும்: முதல் பீரியடிலிருந்து கடைசி பீரியட் வரை வரிசையாக மனதில் ஓட்டிப் பார்த்து, எந்த இடத்தில் "ஆங்" என்று நிமிர்ந்தோம், எந்த இடத்தில் தலையைச் சொறிந்தோம் என்று இரண்டு இடங்களைப் பிடித்து வைத்துக்கொள்வது. வீட்டில் அதை எழுத ஐந்து நிமிடம் போதும்.

தினமும் எழுத வேண்டியதில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம். நோம்பி நாளில், ஊர்த் திருவிழாவில் விட்டுவிடலாம். தினமும் எழுதச் சொன்னால் கடமைக்கு எழுதும் பழக்கம் வந்துவிடும். அதைப் பிறகு மாற்றுவது மிகவும் சிரமம்.

நான் ஒன்பதாவதுங்க. நோட்டைத் திறந்தா என்ன எழுதறதுன்னே தெரியலைங்க.

நான்கு கேள்விகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: இந்தப் பாடத்துக்கு முன் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? 
இரண்டாவது: இன்று எதைப் பார்த்தேன், கேட்டேன், செய்தேன்? 
மூன்றாவது: என் நினைப்பு எங்கே மாறியது, அல்லது எங்கே முட்டி நின்றது? 
நான்காவது: அடுத்து நான் செய்யப்போகும் ஒரே ஒரு வேலை என்ன?

இந்த நான்கில் பெரும்பாலோர் இரண்டாவதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அப்படி எழுதினால் அது நடந்ததைச் சொல்லும் அறிக்கையாகிவிடும். முதல் கேள்விதான் கடினம், அதில்தான் பலனும் அதிகம். நாம் முன்பு தப்பாக நினைத்ததை ஒப்புக்கொண்டு எழுதும்போதுதான் புதியது எங்கே பொருந்துகிறது என்று தெரியும்.

எழுதும்போது புத்தகம் மூடியிருக்க வேண்டும். நினைவிலிருந்து எழுதி முடித்த பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதை வேறு நிற மையில் சேருங்கள். நீல மைக்கும் பச்சை மைக்கும் உள்ள வித்தியாசமே உங்களுக்கு எது நினைவில் நிற்கிறது, எது நிற்கவில்லை என்று காட்டிவிடும்.

"மிகவும் பயனுள்ளதாக இருந்தது"ன்னு எழுதினா டீச்சர் திரும்ப எழுதச் சொல்றாங்க. அதுல என்னங்க தப்பு?

தப்பில்லை. ஆனால் எந்த நாளுக்கும், எந்தப் பாடத்துக்கும், எந்தப் பள்ளிக்கும் பொருந்தும் வரி அது. ஒரு வரியை எடுத்து வேறொரு மாணவரின் நோட்டில் ஒட்டினாலும் பொருந்துமானால், அது உங்கள் குறிப்பு இல்லை.

ஒரே வகுப்பைப் பற்றிய இரண்டு குறிப்புகளைப் பாருங்கள்.

"இன்று கணக்கில் சதவீதம் நடத்தினார்கள். நன்றாகப் புரிந்தது. மிகவும் பயனுள்ளதாக இருந்தது. இனி நன்றாகப் படிப்பேன்."

"விலையை 20 சதவீதம் ஏற்றி, பிறகு 20 சதவீதம் இறக்கினால் பழைய விலையே வரும் என்று நினைத்தேன். 500 ரூபாய் சேலையில் போட்டுப் பார்த்தோம். ஏற்றினால் 600. இறக்கினால் 480. 20 ரூபாய் குறைகிறது. இரண்டாவது முறை 20 சதவீதம் எடுத்தது 500-க்கு இல்லை, 600-க்கு என்பதால். 10 சதவீதத்தில் எவ்வளவு குறையும் என்று நாளைக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்."

இரண்டாவதில் பாராட்டு வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த மாணவருக்குப் பாடம் புரிந்தது என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது. "இனி நன்றாகப் படிப்பேன்" என்பதற்கும் "10 சதவீதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும்" என்பதற்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். முன்னதைச் செய்தோமா இல்லையா என்று யாராலும் சரிபார்க்க முடியாது. பின்னதை நாளைக்குப் பொழுதோட சரிபார்த்துவிடலாம். (விடை: 495 ரூபாய் வரும், 5 ரூபாய் குறையும்.)

எழுதி முடித்ததும் "நன்றாக", "மிகவும்", "பயனுள்ள", "மகிழ்ச்சியாக" என்ற சொற்களுக்கு அடியில் கோடு போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு எண்ணோ, ஒரு பொருளின் பெயரோ, ஒரு ஆள் செய்த செயலோ எழுத முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் மாற்றிவிடுங்கள்.

கணக்குத் தப்பை எப்படிக் குறிக்கிறது? விடை தப்புன்னு மட்டும்தான் தெரியுது.

தப்புகளில் மூன்று வகை உண்டு. எது எந்த வகை என்று பிரித்து எழுதினால்தான் மருந்து தெரியும்.

ஒன்று, கை தவறியது: 7-ஐ 1 என்று படித்தது, கழித்தல் குறியை விட்டது. இதற்கு மருந்து வேகத்தைக் குறைப்பதும், கடைசியில் ஒரு முறை சரிபார்ப்பதும். இரண்டு, விதி தவறியது: (அ + ஆ)² என்பதை அ² + ஆ² என்று எழுதுவது. இதைப் பத்து முறை இம்போசிஷன் எழுதினால் போகாது. எண் போட்டுப் பார்த்தால் போகும்: 2-ம் 3-ம் போடுங்கள். (2 + 3)² என்றால் 25. 4 + 9 என்றால் 13. விட்டுப்போன 12 என்பது 2 × 2 × 3. அதையே ஒரு சதுரமாக வரைந்து நான்கு துண்டாகப் பிரித்து டைரியில் வைத்தால் அந்தத் தப்பு திரும்ப வருவது வெகுவாகக் குறையும். மூன்று, கேள்வியே புரியாதது: கேட்டது பரப்பளவு, போட்டது சுற்றளவு. இதற்குக் கணக்கைத் திரும்பப் போடுவதில் பலன் இல்லை. கேள்வியைத் தன் சொல்லில் ஒரு வரி எழுதிவிட்டுப் போட வேண்டும்.

மாதக் கடைசியில் எந்த வகை எத்தனை என்று எண்ணுங்கள். கை தவறியவைதான் அதிகம் என்றால் டியூஷன் தேவையில்லை. தேர்வில் கடைசி 10 நிமிடத்தைச் சரிபார்க்க ஒதுக்கினால் போதும். இது தெரியாமலே பல வீடுகளில் டியூஷனுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

செய்முறை வகுப்புக்கு ரெக்கார்டு நோட்டு இருக்குதே. அதுக்கும் டைரி எழுதணுமா?

கட்டாயம் எழுத வேண்டும். ரெக்கார்டு நோட்டில் நோக்கம், கருவிகள், செய்முறை, அட்டவணை, முடிவு என்று எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் முறை ஏன் சரியாக வரவில்லை என்பதற்கு அதில் இடமே கிடையாது. 10ஆம் வகுப்பு அறிவியலில் 100-க்கு 25 மதிப்பெண் செய்முறைக்கு. பிறகு 11, 12-இல் இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாவற்றிலும் செய்முறை தனியாக உண்டு. ரெக்கார்டை மனப்பாடம் செய்த பிள்ளை, கருவி கொஞ்சம் மாறினாலும் தடுமாறிவிடும்.

தனி ஊசல் ஒரு நல்ல உதாரணம். 1 மீட்டர் நூலில் குண்டைக் கட்டி, 20 அலைவுக்கு ஆகும் நேரத்தை எடுக்கிறோம். சரியாக எடுத்தால் 40.1 வினாடி அளவில் வரும். ஒரு அலைவுக்கு 2.005 வினாடி. அதிலிருந்து கணக்கிட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.82 வரும். ஆனால் பலருக்கு 10.9 பக்கம் வருகிறது. காரணம் நிறுத்து கடிகாரத்திலும் இல்லை, நூலிலும் இல்லை. கடிகாரத்தை அழுத்தும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். "இருபது" சொல்லும்போது நடந்தது 19 அலைவுதான். நேரம் 38.1 வினாடி, அதை 20-ஆல் வகுத்தால் 1.905. முடுக்கம் 10.88 ஆகிவிடுகிறது. அழுத்தும்போது "சுழி" என்று சொல்லித் தொடங்கினால் தீர்ந்தது.

இதை டைரியில் எழுதிய மாணவருக்கு இன்னொரு கேள்வியும் வரும்: எண்ணிக்கையில் ஒன்று தவறியதற்கு விடை ஏன் இவ்வளவு தூரம் விலகியது? நேரத்தில் 5 சதவீதம் தப்பு, முடுக்கத்தில் 11 சதவீதம். நேரத்தின் வர்க்கம் கணக்கில் இருப்பதால். இப்படி ஒரு தப்பிலிருந்து இரண்டு பாடம் கிடைக்கும். ரெக்கார்டில் 9.8 என்று அடித்துத் திருத்தி எழுதிவிட்டால் இரண்டுமே கிடைக்காது.

குறிப்பு எழுதும்போது கருவியின் நிலையையும் எழுதுங்கள்: மின்விசிறி ஓடியதா, நூலின் நீளத்தைக் குண்டின் நடுவரை அளந்தோமா அல்லது கொக்கி வரை மட்டுமா, எவ்வளவு அகலமாக ஆட்டினோம் (10 பாகைக்குள் இருப்பது நல்லது).

பள்ளித் தோட்டத்துல வேலை செஞ்சதை எல்லாம் எழுதலாமா? அது படிப்பா?

தோட்டத்தைப் போல டைரிக்கு ஏற்ற இடம் வேறு இல்லை. கேள்விக்கான விடை நான்கு நாளில் மண்ணுக்கு மேலே வந்து நிற்கும்.

தட்டைப்பயறு விதை 20 எடுத்து, 10-ஐ 2 சென்டிமீட்டர் ஆழத்திலும் 10-ஐ 6 சென்டிமீட்டர் ஆழத்திலும் போடுங்கள். தேதி, ஆழம், தண்ணீர் விட்ட நேரம், தினமும் முளைத்த எண்ணிக்கை ஆகிய நான்கு பத்தியும் ஒரு அட்டவணையில் இருக்கட்டும். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம்தான் பொதுவான கணக்கு. அதற்கு மேல் போனால் முளை வெளிச்சத்தை எட்டும் முன்பே விதையில் உள்ள உணவு தீர்ந்துவிடும். நம் பக்கத்துச் செம்மண்ணில் இன்னொரு சங்கடமும் உண்டு. தண்ணீரை வாளியால் ஒரேயடியாக ஊற்றி வெயிலில் காயவிட்டால் மேல்மண் ஓடு மாதிரி இறுகிவிடும். முளை முட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் உள்ளேயே மடங்கிக் கிடக்கும். பூவாளியால் தெளித்து, மேலே காய்ந்த சருகு கொஞ்சம் பரப்பினால் இறுகாது. கரிசல் மண்ணில் இதற்கு நேர்மாறாக, தண்ணீர் தேங்கி விதை அழுகும்.

முளைக்காத விதையைத் தோண்டிப் பார்த்து எழுதுங்கள். அழுகியிருந்ததா, மடங்கியிருந்ததா, எறும்பு தின்றதா, அப்படியே இருந்ததா? நான்கும் நான்கு காரணம். தாத்தா, அப்பத்தா காட்டுவேலை தெரிந்தவர்களாக இருந்தால் இந்தப் பக்கத்தை அவர்களிடம் படித்துக் காட்டி, அவர்கள் சொல்வதை ஓரத்தில் எழுதுவது மிகவும் நல்லது. புத்தகத்தில் இல்லாத விவரம் அங்கேதான் கிடைக்கும்.

சுற்றுலா போனா ஒவ்வொரு தடவையும் "காலை 6 மணிக்குப் புறப்பட்டோம், இட்லி சாப்பிட்டோம்"னே வருது.

எழுதும் வேலையைப் புறப்படும் முன்பே தொடங்கவில்லை என்பதுதான் காரணம். போவதற்கு முந்தின நாள் மூன்று கேள்வி எழுதி வைத்தால் கண் அதைத் தேடும். கேள்வி இல்லாமல் போனால் கண்ணுக்கு இட்லிதான் தெரியும்.

காலிங்கராயன் வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள். பவானி ஆறு காவிரியில் கலக்கும் இடத்துக்குச் சற்று முன் அணை கட்டி, அங்கிருந்து ஈரோடு வழியாகக் கொடுமுடிப் பக்கம் வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடுகிறது. 1283-இல் முடிந்ததாகச் சொல்லப்படும் வேலை. போகும் முன் எழுத வேண்டிய கேள்வி: நேராக வெட்டினால் தூரம் குறையுமே, ஏன் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிறது? அங்கே போய்க் கரையில் நின்று பார்த்தால், ஒரு பக்கம் நிலம் மேடாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் இருப்பது தெரியும். சரிவு மிக மெதுவாக இருக்கும்படி மேட்டை ஒட்டியே கொண்டுபோனால்தான் தண்ணீர் கரையை அரிக்காமல், மோட்டார் இல்லாமல், தாழ்ந்த பக்கத்து வயலுக்கெல்லாம் தானாகப் பாயும். இந்த விடையை மாணவரே கரையில் நின்று கண்டுபிடித்தால் வரலாறு, புவியியல், இயற்பியல் மூன்றும் ஒட்டுக்கா வந்து சேரும்.

ஆசிரியர் உடன் இருந்தால் தண்ணீரின் வேகத்தையும் அளக்கலாம். பாலம் அல்லது படித்துறை உள்ள நேரான இடத்தில் கரையோரமாக 10 மீட்டர் அளந்து, ஆரஞ்சுத் தோல் துண்டு ஒன்றைப் போட்டு நேரம் எடுங்கள். 12.5 வினாடி ஆனால் மேற்பரப்பு வேகம் வினாடிக்கு 0.8 மீட்டர். அடியில் தண்ணீர் மெதுவாகப் போகும் என்பதால் 0.85-ஆல் பெருக்கி, சராசரி 0.68 என்று எடுத்துக்கொள்வார்கள். மூன்று முறை அளந்து சராசரி காண வேண்டும். மாணவர்கள் தண்ணீரில் இறங்கவே கூடாது. வாய்க்கால் ஆழமில்லாததுபோல் தெரிந்தாலும் இழுப்பு அதிகம்.

வெள்ளோடு பறவைகள் சரணாலயம் என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, காலை வெள்ளென போக வேண்டும். பதினோரு மணிக்குப் போய் இறங்கினால் பறவைகள் நிழலில் ஒதுங்கிவிடும், குறிப்பில் எழுத ஒன்றும் இருக்காது. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை: அலகின் வடிவம், காலின் நிறம், தண்ணீரில் எப்படி இரை தேடுகிறது என்று மூன்றையும் எழுதிக்கொண்டு வந்தால் பிறகு பெயரைக் கண்டுபிடித்துவிடலாம்.

நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் போனால் ஒரு கட்டுப்பாடு. பதிற்றுப்பத்தில் "கொடுமணம்" என்று வருகிற ஊர் அது. மணிகள் செய்த பட்டறை, இரும்பு உருக்கிய உலை, தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் எல்லாம் அகழாய்வில் கிடைத்த இடம். தரையில் பானை ஓடோ மணியோ கிடந்தால் எடுத்துவரக் கூடாது. ஒரு ஓடு எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதுதான் ஆய்வாளருக்குச் செய்தி. இடம் பெயர்ந்துவிட்டால் அது வெறும் ஓடு. இருந்த இடத்திலேயே படம் வரைந்து, அளவை எழுதி, ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

திரும்பி வந்த அன்று அசதியாக இருக்கும். அன்று மூன்று வரி போதும். முழுப் பக்கத்தை மறுநாள் எழுதலாம். அதற்கு மேல் தள்ளிப்போடக் கூடாது.

வள்ளி கும்மியில பள்ளிக்கூடத்துக்காக ஆடினோம், பரிசு வரலைங்க. அதைப் பத்தி என்ன எழுதறது?

முதலில், மனதில் இருப்பதை அப்படியே எழுதலாம். நடுவர் சரியில்லை என்று தோன்றினால் அதையும் எழுதலாம், அது உங்கள் நோட்டு. அதன் பிறகு ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே நம் கையில் இருந்தவற்றை மட்டும் எழுதுங்கள்.

கும்மியில் வழக்கமாகப் பிசகும் இடங்கள் தெரிந்தவைதான். பள்ளி மைதானத்தில் பெரிய வட்டத்தில் பழகிவிட்டு, மேடையில் பாதி அளவு இடத்தில் ஆட வேண்டி வரும். எட்டு வைக்கும் தூரம் குறையாததால் வட்டம் நசுங்கி முட்டை வடிவம் ஆகிவிடும். உயரமானவர்கள் ஒரே பக்கம் சேர்ந்து நின்றாலும் இதேதான். பாட்டு வேகம் கூடும்போது கைத்தட்டு பாடுபவரோடு போகும், கால் பழைய வேகத்திலேயே நிற்கும். இவற்றுள் எது உங்கள் குழுவில் நடந்தது, எந்தப் பாட்டில் நடந்தது என்று எழுதினால் அடுத்த முறைக்கு வேலை தெரிந்துவிடும்: மேடை அளவை முன்கூட்டியே கேட்டு, அதே அளவுக்குச் சுண்ணாம்பில் வட்டம் போட்டுக் கடைசி ஒரு வாரம் அதற்குள் பழகுவது. குட்டையும் நெட்டையும் மாறி மாறி நிற்பது. மெதுவாக 5 முறை, நடு வேகத்தில் 5 முறை, பிறகு முழு வேகம்.

பெருஞ்சலங்கை ஆட்டம், ஒயிலாட்டம், நாடகம், பேச்சுப் போட்டி எல்லாவற்றுக்கும் இதே முறைதான். முடிவை எழுத ஒரு வரி போதும், தயாரிப்புக்கு ஒரு பக்கம் வேண்டும்.

குழு வேலையில நான் ஒருத்தியே எல்லாம் செஞ்சேன். அதை எழுதினா கோள் சொல்ற மாதிரி ஆயிருமே?

ஆளைப் பற்றி எழுதாமல் வேலையைப் பற்றி எழுதினால் கோள் ஆகாது. "அவள் ஒன்றும் செய்யவில்லை" என்பதற்குப் பதில், அறிவியல் கண்காட்சி மாதிரிக்கு என்னென்ன வேலை இருந்தது, ஒவ்வொன்றும் யாரிடம் எந்த நாளில் ஒப்படைக்கப்பட்டது என்று எழுதிப் பாருங்கள். பல நேரம் ஒப்படைக்கவே இல்லை என்பது தெரியவரும். "எல்லாரும் ஏதாவது கொண்டு வாங்க" என்று பிரிந்துபோயிருப்பார்கள். அடுத்த முறை முதல் நாளே வேலை, பெயர், தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி குழுவில் உள்ள எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

பேசற தமிழ்ல எழுதலாமா, இல்ல புத்தகத் தமிழ்லயேதான் எழுதணுமா?

முதலில் வாயில் வருகிறபடி எழுதுங்கள். யோசிப்பது முந்தி, திருத்துவது பிந்தி. "பொழுதோட தண்ணி உட்டேன், ஒட்டுக்கா மொளைச்சிருச்சு" என்று எழுதிய பிள்ளை யோசித்திருக்கிறது. அதில் எழுத்துப்பிழை பார்க்க உட்கார்ந்தால் அடுத்த வாரம் யோசிக்காது. சனிக்கிழமை திரும்பிப் படிக்கும்போது ஓரத்தில் எழுத்துத் தமிழைச் சேர்க்கலாம்: பொழுதோட என்றால் மாலையில், ஒட்டுக்கா என்றால் ஒன்றாக, நோம்பி என்றால் பண்டிகை, வெள்ளென என்றால் அதிகாலையில். வருடக் கடைசியில் இது ஒரு நல்ல வட்டாரச் சொல் தொகுப்பாகவும் ஆகிவிடும்.

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகள் இங்கே நிறைய. திருப்பூர்ப் பக்கம் இந்தி, ஒடியா பேசும் வீட்டுப் பிள்ளைகளும் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறார்கள். அவர்கள் முதல் இரண்டு கேள்விக்கு வீட்டு மொழியில் எழுதி, கடைசி வரியை மட்டும் தமிழில் எழுதட்டும். ஆங்கில வழியில் படிப்பவர்களும் அப்படித்தான். தெரியாத மொழியில் எழுதச் சொன்னால் தெரிந்த வாக்கியத்தை மட்டும்தான் எழுதுவார்கள், தோன்றியதை எழுத மாட்டார்கள்.

ரெண்டாவது படிக்கிற சின்னப் பொண்ணுங்க. அவளுக்கு எப்படி?

ஒரு படம், ஒரு வாக்கியம். பிள்ளை படம் வரைந்த பிறகு, "இதுல என்ன நடக்குது கண்ணு?" என்று கேட்டு, அவள் சொன்னதைச் சொன்னபடியே நீங்கள் எழுதிக் கொடுங்கள். திருத்தாதீர்கள். "இன்னைக்கு என்ன படிச்சே?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லை" என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு யாரு சிரிச்சாங்க, எதுக்கு?", "எதைத் தொட்டுப் பாத்தே?" என்று கேளுங்கள். வாரத்துக்கு இரண்டு போதும்.

பையனோட டைரியை நாங்க எடுத்துப் படிக்கலாங்களா?

கேட்டுவிட்டுப் படியுங்கள். கேட்காமல் படித்த அன்றோடு அந்த நோட்டில் உண்மை வருவது நின்றுவிடும். பெற்றோர் கண்ணுக்கென்று எழுதிய வரிகள்தான் பிறகு இருக்கும். படிக்கக் கொடுத்தால் தப்பைப் பார்த்துத் திட்டாதீர்கள். "இந்தக் கணக்குல எப்படித் தப்பாச்சுன்னு எனக்குச் சொல்லு சாமி" என்று கேளுங்கள். சொல்லிக்கொடுக்கும்போது பிள்ளைக்கு இன்னொரு முறை பாடம் ஏறும். பக்கத்து வீட்டுப் பையன் நோட்டோடு ஒப்பிட வேண்டாம்.

வகுப்பில் 40 பேர். ஆசிரியர் எப்படிப் படித்து முடிப்பது?

ஒரு நாளைக்கு 8 நோட்டு, ஐந்து நாளில் 40. நோட்டுக்கு ஒன்றரை நிமிடம் வீதம் தினமும் 12 நிமிடம். அந்த வாரத்தில் மாணவரே "இதைப் படியுங்கள்" என்று மடித்துக் காட்டும் ஒரு பக்கத்தை மட்டும் படித்தால் போதும்.

மதிப்பெண் போட வேண்டாம். போட்ட உடனே பிள்ளைகள் ஆசிரியருக்குப் பிடித்ததை எழுதத் தொடங்குவார்கள். சிவப்பு மையும் வேண்டாம். "நன்று" என்று மட்டும் எழுதுவதில் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. குறிப்பில் உள்ள ஒரு பொருளைத் தொட்டு ஒரு கேள்வி எழுதுங்கள்: "6 செ.மீ. ஆழத்தில் முளைத்த மூன்று விதையும் எந்த நாள் முளைத்தன?" "சுழியில் தொடங்கிய பிறகு எவ்வளவு வந்தது?" அந்தக் கேள்விக்கு அடுத்த குறிப்பில் பதில் வரும். அப்படித்தான் ஒரு மாணவரின் குறிப்புகளுக்குள் தொடர்ச்சி உண்டாகும்.

ஒரே தப்பு ஏழெட்டு நோட்டில் இருந்தால் பாடத்தை நடத்திய முறையில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. யார் பெயரையும் சொல்லாமல் மறுநாள் ஐந்து நிமிடம் அதை எடுத்துப் பேசிவிடலாம்.

வீட்டில் அடி, பயம், படிப்பை நிறுத்தும் பேச்சு, யாராவது தொந்தரவு செய்வது போன்ற வரிகள் கண்ணில் பட்டால் நோட்டில் பதில் எழுதக் கூடாது, வகுப்பில் கேட்கவும் கூடாது. தனியாக அழைத்துப் பேசித் தலைமை ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, மாணவர்களுக்கான கல்வி வழிகாட்டி எண் 14417. இந்த இரண்டு எண்களையும் எல்லாப் பிள்ளைகளின் டைரி முதல் பக்கத்திலும் எழுதவைப்பது நல்லது.

இதனால மார்க்கு கூடுமா?

எழுதி மூடி வைத்தால் கூடாது. திரும்பிப் பார்த்தால் கூடும்.

படித்தது நாளாக ஆக எப்படிக் கரைகிறது என்பதை ஜெர்மானியரான எபிங்காஸ் தன்னையே சோதித்து 1885-இல் எழுதினார். கற்றதில் பெரும்பகுதி முதல் ஒரு நாளிலேயே போய்விடுகிறது, அதன் பிறகு மெதுவாகத்தான் போகிறது. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களை ஒரு பத்தியைப் படிக்கச் செய்தார்கள். ஒரு பகுதியினர் திரும்பத் திரும்பப் படித்தார்கள், மற்றவர்கள் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். புத்தகத்தை மூடி எழுதச் சொல்வது இதனால்தான்.

சனிக்கிழமை 15 நிமிடம் ஒதுக்குங்கள். அந்த வாரத்தின் மூன்று குறிப்புகளில் நான்காவது கேள்விக்கான பதிலை மட்டும் பாருங்கள். செய்தாகிவிட்டால் ஓரத்தில் டிக். செய்யவில்லை என்றால் ஒரு வாரம் தள்ளலாம். இரண்டாவது முறையும் செய்யவில்லை என்றால் கடைசிப் பக்கத்தில் உள்ள "இன்னும் விளங்காதவை" பட்டியலுக்கு மாற்றி, திங்கட்கிழமை ஆசிரியரிடம் கேளுங்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன் படிக்க வேண்டிய முதல் பக்கம் அதுதான்.

செல்போன்ல கேட்டா அதுவே அழகா எழுதிக் குடுத்துருதே?

அழகாக எழுதிக் கொடுக்கும். ஆனால் உங்கள் ஊசல் ஏன் 10.9 காட்டியது என்று அதற்குத் தெரியாது, நீங்கள் அந்த இடத்தில் "ஒன்று" என்று எண்ணியதை அது பார்க்கவில்லை. விளங்காத சொல்லுக்குப் பொருள் கேட்கலாம், படம் பார்த்துப் பறவையின் பெயர் கேட்கலாம். குறிப்பைக் கையால்தான் எழுத வேண்டும்.

நல்லா எழுதினதை எங்காவது அனுப்பலாமா?

அனுப்பலாம். பள்ளிக்கல்வித் துறை வெளியிடும் சிறார் இதழ்கள் அரசுப் பள்ளிகளுக்கு வருகின்றன. 4, 5ஆம் வகுப்புக்கு ஊஞ்சல், 6 முதல் 9 வரை தேன்சிட்டு. டைரியில் உள்ளதை அப்படியே அனுப்பாமல், மற்றவர் பெயர்களை நீக்கி, பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்கி, முக்கால் பக்கத்துக்குள் சுருக்கி ஆசிரியர் மூலம் அனுப்புங்கள். டைரியைக் கிழிக்க வேண்டாம், பார்த்துத் தனித் தாளில் எழுதுங்கள்.

ரெண்டு மாசமா எழுதாம உட்டுட்டேன். இப்ப என்ன பண்றது?

விட்ட நாட்களை நிரப்ப முயலாதீர்கள். நினைவில் இல்லாததை இட்டுக்கட்டி எழுதவேண்டி வரும். பழைய குறிப்புக்குக் கீழே ஒரு கோடு போட்டு, இன்றைய தேதியை எழுதி, இன்று கடைசிப் பீரியடில் நடந்த ஒன்றை மட்டும் மூன்று வரியில் எழுதுங்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கம்போல நான்கு கேள்விக்கும் எழுதலாம்.